சிலுவையிலிருந்து எண்ணிய மாலைகள்

அண்ணனின் ஆராய்ச்சிக்கு நான் செய்த உதவி மணி கோத்ததுதான். சொன்னால் சிரிப்பார்கள். கம்பியில்லாத் தொலைபேசிக்கும் செபமாலை மணிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். சம்பந்தம் இருந்தது. அண்ணனுடைய வாழ்க்கை வீணாய்ப் போனதற்கு நான்தான் காரணம் என்று ஒன்பது வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவனுக்கும் எனக்கும் ஏழு வயது வித்தியாசம். அவன் படிப்பில் புலி. நான் பத்தாம் வகுப்பில் இரண்டு முறை கோட்டை விட்டவள். அப்பா ஒரு கம்பெனியில் எழுத்தராக இருந்து, நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துபோனார். பசுந்தாங் பேட்டையில் ஒரு பழைய கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் அம்மா, அண்ணன், நான் என்று மூன்று பேர் இருந்தோம். அம்மா செபமாலை கட்டிக் கோயில் கடைக்குக் கொடுப்பாள். அண்ணன் மின்னணுவியல் படித்தான். படித்தான் என்பதைவிடப் படிக்கக் காத்திருந்தான் என்று சொல்வதுதான் சரி. அவன் கல்லூரியில் சேர்ந்த மறு வருடம் எண்பத்தெட்டு, பர்மிய மாணவர்கள் ஆட்சியை எதிர்த்துத் தெருவில் இறங்கிய வருடம். கல்லூரிகளை மூடினார்கள். பிறகு திறந்தார்கள், மறுபடி மூடினார்கள். அவன் பட்டம் வாங்க ஒன்பது வருடம் ஆனது. மேற்படிப்பில் சேர்ந்து சில மாதத்திலேயே மறுபடி பூட்டு விழுந்தது. ஆய்வுக்கூடம் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, சொல்லிக் கொடுக்க சயா இல்லை. ஆசிரியரை நாங்கள் பர்மிய வழக்கப்படி சயா என்றுதான் சொல்வோம். சயாக்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் கட்டிடத்தில் அப்போது ஒரே ஒரு வீட்டில்தான் தொலைபேசி இருந்தது. நான்காம் மாடி அரிசி வியாபாரி அந்த இணைப்பில் கம்பியில்லாத கருவி ஒன்றைத் திருட்டுத்தனமாக மாட்டி, சந்தைக் கடையில் உட்கார்ந்தபடியே பேசுவார். அதே மாதிரிக் கருவி அடுத்த தெருவிலும் ஒருவரிடம் இருந்தது. இரண்டும் ஒரே அலையில் மோதிக்கொள்ளும். இவர் அரிசி விலை கேட்கும்போது அங்கே ஒரு பெண் தன் மாமியாரைத் திட்டுவது இவருக்குக் கேட்கும். கேள்விப்பட்டு நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. ஒரே காற்றில் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் பேசலாம், ஒருவர் பேச்சு இன்னொருவர் பேச்சைக் கெடுக்காமல் செய்ய வழி இருக்கிறது என்றான். ஊரில் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்த காலம் அது. அந்தக் காலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச வழி தேடிய ஆள் எனக்குத் தெரிந்து இவன் ஒருவன்தான்.

வழியை அவன் ஒரு நகல் புத்தகத்தில் படித்திருந்தான். நடைபாதைக் கடையில் வாங்கியது. யாரோ வெளிநாட்டுப் புத்தகத்தை நகலெடுத்துத் தைத்து விற்றது. ஐந்தாம் அத்தியாயத்தோடு முடிந்துவிடும். நகலெடுத்தவன் காகிதத்தை மிச்சம் பிடித்திருக்கிறான். மீதி அத்தியாயங்களில் என்ன இருந்தது என்று எங்களுக்குத் தெரியாது. மீதி இருக்கிறது என்பதே அண்ணன் மனதில் ஏறவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

அந்தப் புத்தகத்தில் இருந்தவற்றுக்குப் பரப்பும் குறியீடுகள் என்று பெயர். எனக்கு விளங்கிய மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு தொலைபேசிக்கும் கூட்டலும் கழித்தலுமாக அறுபத்துநான்கு குறிகள் கொண்ட ஒரு தனி வரிசை உண்டு. பேச்சைத் துண்டு துண்டாக்கி ஒவ்வொரு துண்டையும் அந்த வரிசை முழுக்கப் பரத்திக் காற்றில் விடுவார்கள். எல்லோருடைய பேச்சும் ஒன்றாகக் கலந்துதான் போகும். கேட்கும் பக்கத்தில் அதே வரிசையை வைத்துப் பார்த்தால் அந்த ஒருவர் பேச்சு மட்டும் எழுந்து நிற்கும். வேறு வரிசையில் வந்த பேச்சு பாதி ஒத்துப்போய், பாதி ஒத்துப்போகாமல், ஒன்றுக்கொன்று கழிந்து ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். ஆகவே எந்த இரண்டு வரிசையை எடுத்தாலும் முப்பத்திரண்டு இடம் ஒத்துப்போக வேண்டும், முப்பத்திரண்டு இடம் மாற வேண்டும். புத்தகத்தில் இருந்த வரிசைகள் ஊரறிந்தவை. அண்ணன் தானே புதிதாக இருபத்துநான்கு வரிசைகளைச் செய்தான். பார்த்தால் தலையும் வாலும் புரியாது, ஆனால் ஒன்று மற்றொன்றில் தலையிடாது என்றான்.

அவன் அவசரப்பட்டதற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவருக்கு அவன் கடிதம் எழுதியிருந்தான். அவர் மரியாதையாகப் பதில் போட்டிருந்தார். சொந்தமாகச் செய்த ஆராய்ச்சி ஒன்றை அனுப்பு, தேறினால் உதவித்தொகைக்குப் பரிந்துரை செய்கிறேன், ஆனால் முப்பது வயது முடிவதற்குள் சேர வேண்டும், அது விதி என்று எழுதியிருந்தார். அண்ணனுக்கு அப்போது இருபத்தொன்பது. கல்லூரியின் கதவுகள் தின்ற வருடங்களை அந்த விதியில் யாரும் கழித்துக் கொடுக்கப் போவதில்லை. இது ஒன்றுதான் அவன் கையில் இருந்த வாய்ப்பு. அம்மாவுக்கும் எனக்கும் அது நன்றாகவே தெரியும்.

இருபத்துநான்கு வரிசைகளில் இருநூற்று எழுபத்தாறு ஜோடிகள் வரும். அத்தனையையும் கையால் சரிபார்க்க வேண்டும். அண்ணன் காலையிலிருந்து மாலை வரை பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கப் போய்விடுவான். சரிபார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. பழைய நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் அவன் கூட்டலும் கழித்தலுமாக எழுதி வைத்துவிட்டுப் போவான். நான் இரண்டு வரிசையை ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்து எண்ணுவேன். இருபதாவது குறிக்கு மேல் கண் வழுக்கிவிடும். மாலையில் வந்து தப்பைக் கண்டுபிடிப்பான்.

"கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டுத்தான எண்ணுன? எண்ணக்கூடத் தெரியாதவள நம்பி நான் குந்தியிருக்கேன் பாரு."

பத்தாம் வகுப்பில் தோற்றவளிடம் இதைச் சொன்னால் எங்கே போய்க் குத்தும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னான். அவன் நல்லவன் என்று எழுதுவதற்காக இதை மறைக்க முடியாது.

ரோஷத்தில்தான் எனக்கு மணி யோசனை வந்தது. தாளில் வழுக்கும் கண் மணியில் வழுக்காது. சின்ன வயதிலிருந்து அம்மாவோடு உட்கார்ந்து மணி கோத்த கை என்னுடையது. கூட்டலுக்கு வெள்ளை மணி, கழித்தலுக்குக் கறுப்பு மணி என்று வைத்துக்கொண்டேன். லத்தா பேட்டை மொத்தக் கடையில் வாங்கிய கண்ணாடி மணிகள் அம்மாவிடம் டப்பா டப்பாவாக இருந்தன. கேட்டதும் அம்மா முகத்தைச் சுளித்தாள். அக்டோபர் மாதம் முழுக்கச் செபமாலை மாதம். அவளுக்கு வருடத்திலேயே அப்போதுதான் வேலை அதிகம். செப்டம்பர் முடிவதற்குள் ஒரு மணி குறையாமல் திரும்பி வர வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள்.

ஒவ்வொரு மாலையிலும் எது தலை, எது வால் என்று குழம்பாமல் இருக்கத் தலைப்பக்கம் ஒரு சின்னத் தகரச் சிலுவையைக் கட்டினேன். அப்படிச் செய்யச் சொல்லி எனக்கு யாரும் சொல்லவில்லை. யோசித்துச் செய்ததும் இல்லை. எங்கள் வீட்டில் மாலை என்றால் அதற்குச் சிலுவை உண்டு, எதையும் சிலுவையிலிருந்துதான் தொடங்குவோம். செபமாலையை நடுவில் பிடித்துக்கொண்டு தொடங்குகிற ஆளை நான் பார்த்ததே இல்லை. அண்ணனும் அப்படி வளர்ந்தவன்தான். மாலைகளைப் பார்த்ததும் அவனுக்கு வாயெல்லாம் பல். ஒரு சிலுவையைக் கட்டை விரலால் தடவிவிட்டு, இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்றான். அவன் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

வேலை சுலபமானது. ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு மாலைகளின் சிலுவைகளையும் இடது கையில் சேர்த்துப் பிடித்துக்கொள்வேன். வலது கையால் இரண்டிலும் ஒவ்வொரு மணியாகக் கீழே தள்ளிக்கொண்டு வருவேன். நிறம் ஒத்துப்போனால் ஒரு தட்டில் ஒரு புளியங்கொட்டை, மாறினால் மற்றத் தட்டில் ஒரு கொட்டை. கடைசியில் இரண்டு தட்டிலும் முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, நோட்டில் அந்த ஜோடிக்கு நேரே பூஜ்யம் போடுவேன். ஒரு நாளைக்குப் பத்து ஜோடி முடித்தேன். மழைக்காலம். மின்சாரம் பாதி நாள் இருக்காது. "மீ வந்துச்சா?" என்று அம்மா அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பாள். மின்சாரத்தை நாங்கள் மீ என்போம். எனக்கு மீ வந்தால் என்ன, வராவிட்டால் என்ன. மணியும் புளியங்கொட்டையும் மின்சாரம் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த மாதம் அதுதான்.

மூன்றாவது வாரத்தில் ஒரு மத்தியானம் அது நடந்தது. ஒரு மாலையில் சிலுவையைக் கட்டிய முடிச்சு தளர்ந்திருந்தது. நான் கவனிக்காமல் முதல் மணியை விட்டுவிட்டு இரண்டாவது மணியிலிருந்து பிடித்திருக்கிறேன். எண்ணி முடித்தால் ஒரு தட்டில் நாற்பத்தேழு, மற்றதில் பதினாறு.  அப்போதுதான் மற்ற மாலையின் அடியில் ஒரு மணி ஜோடியில்லாமல் தொங்குவதைப் பார்த்தேன். ஓ, தள்ளிப் பிடித்துவிட்டேன் என்று புரிந்தது. முடிச்சை இறுக்கி, சிலுவையிலிருந்து மறுபடி எண்ணினேன். முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு வந்தது. அப்பாடா என்று பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்த ஜோடிக்குப் போனேன்.

அண்ணனிடம் நான் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? என்னுடைய கவனக்குறைவு, நானே திருத்திக்கொண்டேன், அவ்வளவுதான். சொன்னால் கண்ணைத் திறந்துகொண்டுதானா எண்ணினாய் என்று மறுபடி ஆரம்பிப்பான். அந்த ஒரு மாதம் அவன் என்னைத் திட்டாமல் இருந்தான். அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

இருநூற்று எழுபத்தாறு பூஜ்யங்கள் வந்தன. அண்ணன் கட்டுரையைத் தட்டச்சு செய்து, என் நோட்டைப் பார்த்து அட்டவணை போட்டு, வெளிநாடு போகிற ஒருவர் கையில் கொடுத்தனுப்பினான். தபாலில் போட்டால் யார் யார் பிரித்துப் படிப்பார்களோ என்ற பயம். கூட்டலும் கழித்தலுமாகப் பக்கம் பக்கமாக இருந்தால் சங்கேதம் என்று நினைத்து ஆளைத் தூக்கிக்கொண்டு போனாலும் போவார்கள். நான் மாலைகளை அறுத்து மணிகளை டப்பாவில் கொட்டினேன். அம்மா எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டாள். அக்டோபரில் அவை செபமாலைகளாகி ஊர் முழுக்கப் போய்விட்டன.

பதில் வர ஐந்து மாதம் ஆனது. கடித உறையைப் பார்த்ததும் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு அடுக்களையிலிருந்து வந்து நின்றாள். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று படித்தான். ஒரே ஒரு பக்கம்தான். ஆனால் வெகு நேரம் படித்தான்.

பேராசிரியர் அன்பாகவே எழுதியிருந்தார். கம்ப்யூட்டர் இல்லாமல் இவ்வளவு செய்தது வியப்பு என்று சொல்லியிருந்தார். ஆனால் எல்லா வரிசைகளையும் ஒரே இடத்திலிருந்து தொடங்குவதாக வைத்தே ஒப்பிட்டிருக்கிறாய், நிஜத்தில் பேசுகிறவர்கள் ஒருவர் அருகிலும் ஒருவர் தொலைவிலும் இருப்பார்கள், ஒருவர் குரல் முன்னே வரும், ஒருவர் குரல் பின்னே வரும், ஒரே நொடியில் யாரும் தொடங்க மாட்டார்கள் என்று எழுதியிருந்தார். ஒரு வரிசையை ஓரிடம் தள்ளி வைத்து ஒப்பிட்டுப் பார், அப்போதும் நின்றால் எனக்கு எழுது என்று முடித்திருந்தார். நகல் புத்தகத்தின் ஆறாம் அத்தியாயத்தில் அதுதான் இருந்திருக்க வேண்டும்.

அண்ணன் பென்சிலை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். இரண்டு வரிசைகளை எழுதி, கீழே உள்ளதை ஓரிடம் தள்ளி எழுதினான். நான் பக்கத்தில் நின்றேன். முதல் ஜோடி மோசமில்லை. இரண்டாவது கொஞ்சம் மோசம். இப்படியே போய்ப் பதினோராவதோ பன்னிரண்டாவதோ ஜோடியில் எண்ணி முடித்து ஓரத்தில் எழுதினான்: நாற்பத்தேழு, பதினாறு.

அந்த எண்ணைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்தது. அது என்னுடைய எண். ஆறு மாதத்துக்கு முன்னால் அதே இடத்தில் உட்கார்ந்து நான் எண்ணிய எண். என் கை செய்தது தப்பே இல்லை. இருபத்துநான்கு மாலைகளில் நான் எண்ணிய எல்லாவற்றிலும் உண்மையான எண் அது ஒன்றுதான், அதை நான் கலைத்துவிட்டுப் பூஜ்யம் போட்டிருக்கிறேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் அவன் கையில் நேரம் இருந்தது. ஆறு மாதம் இருந்தது. தலையை உடைத்துக்கொண்டு வேறு வரிசைகளைக் கண்டுபிடித்திருப்பான், இந்தக் கடிதம் வேறு மாதிரி வந்திருக்கும், அவன் விமானம் ஏறியிருப்பான். இத்தனையும் அந்த ஒரு நிமிடத்தில் என் மனதில் ஓடியது.  அவன் என்னைப் பார்க்கவில்லை.

"எங்க தப்பு?" என்று அம்மா கேட்டாள்.

"எல்லாம் தப்பு," என்றான் அண்ணன்.

அவன் என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பதிலுக்குப் பதில் பேசி, அந்தச் சண்டையிலேயே எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அவனோ மறுபடி பென்சிலை எடுத்தான். புது வரிசைகளைத் தேடி ஒன்றரை மாதம் எழுதினான். ஓரிடம் தள்ளினால் நிற்பது ஈரிடம் தள்ளினால் விழுந்தது. அறுபத்துமூன்று இடமும் தள்ளிப் பார்க்க வேண்டும், அதை இருநூற்று எழுபத்தாறு ஜோடிக்கும் செய்ய வேண்டும். மனிதக் கையால் ஆகிற காரியமா? நான் எண்ணித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றான். வைகாசி வாக்கில் அவனுக்கு முப்பது முடிந்தது. அன்று அம்மா பாயசம் வைத்தாள். குடித்துவிட்டுத் தாள்களை அடுப்பு மூட்டக் கொடுத்தான். பேராசிரியருக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று நான் சொன்னேன். எழுதவில்லை.

கல்லூரி அதற்கடுத்த வருடம் திறந்தது. அவன் போகவில்லை. டியூஷன் எடுத்தான், வானொலிப் பெட்டி பழுது பார்த்தான். கல்யாணப் பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுவான். அம்மா போனாள். கடைசிக் காலத்தில் அவளுக்குக் கண் மங்கிக் கறுப்பு எது, வெள்ளை எது என்று தெரியாமல் போயிருந்தது. செபமாலை வேலையை நான் எடுத்துக்கொண்டேன். எனக்கும் கல்யாணம் ஆகவில்லை. அதற்குக் காரணம் அண்ணன் இல்லை, என் வாய்தான் என்று கட்டிடத்தில் பேசிக்கொண்டார்கள்.

சில வருடம் கழித்து ஊருக்குள் சிடிஎம்ஏ போன் வந்தது. அண்ணன் சொன்ன அதே வித்தைதான். ஒரே காற்றில் எல்லோரும் பேசுவது, ஆளுக்கொரு வரிசை. யாரோ எங்கோ, தள்ளிப் பிடித்தாலும் நிற்கிற வரிசைகளைக் கண்டுபிடித்து, பெட்டியில் அடைத்து, கப்பலேற்றி, லத்தா நடைபாதை வரை கொண்டுவந்துவிட்டார்கள். அண்ணன் அங்கே ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தான். எண்ணைப் பதிந்து கொடுப்பது, போன் முகத்தில் பிளாஸ்டிக் தாள் ஒட்டுவது, உறை மாட்டுவது. கடையில் எல்லோரும் அவனைச் சயா என்று கூப்பிட்டார்கள். திருகாணி முடுக்கத் தெரிந்த எவனும் இங்கே சயாதான். போனுக்குள் என்ன நடக்கிறது என்று கடைக்காரனுக்கும் தெரியாது, வாங்குகிறவனுக்கும் தெரியாது, கேட்பாரும் இல்லை. அவனும் யாருக்கும் சொன்னதில்லை.

தினமும் பஸ் ஏறி அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டதால் கடையிலேயே நின்றேன். ஆள் வரத்து இல்லை. அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு புது போனை மடியில் வைத்து, பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் நின்ற காற்றுக் குமிழை அட்டையால் ஓரம் ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தான். ஏன் அன்றைக்குச் சொல்லத் தோன்றியது என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்பது வருடம் உள்ளே கிடந்தது தானாக வெளியே வந்தது. முடிச்சு தளர்ந்ததை, இரண்டாவது மணியில் பிடித்ததை, நாற்பத்தேழும் பதினாறும் வந்ததை, அதைக் கலைத்துவிட்டுப் பூஜ்யம் போட்டதை ஒன்று விடாமல் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். நான் அன்றைக்கே சொல்லியிருந்தால் நீ போயிருப்பாய் என்றேன்.

அவன் அட்டையை நிறுத்தவில்லை. குமிழ் ஓரத்துக்கு வந்து வெளியேறும் வரை தள்ளினான்.

"சொல்லியிருந்தா மட்டும் என்ன? ஒழுங்காச் சிலுவையிலேர்ந்து எண்ணுன்னு திட்டியிருப்பேன். நீயும் எண்ணியிருப்ப."

"யோசிச்சுப் பாத்திருக்க மாட்டியா அண்ணே?"

"மாட்டேன். அப்ப என்னைப் பத்தி உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். அதுதான் கொடுமை. அவன் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஒன்பது வருடம் நான் என்னையே கரித்துக் கொட்டியிருக்கிறேன். ஆனால் அந்தக் குற்றத்துக்குள் அண்ணன் விமானம் ஏறிப் போகிற ஒரு வழியும் இருந்தது. நான் மட்டும் வாயைத் திறந்திருந்தால் அவன் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டே படுப்பேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் அவன் இந்த ஸ்டூலில்தான் வந்து உட்கார்ந்திருப்பான் என்று அவனே சொல்லிவிட்டான். அவன் என்னை மன்னித்ததாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. என் மேல் கோபப்பட அவனிடம் எதுவும் மிச்சமில்லை என்றுதான் பட்டது. ஒரு தடவையாவது என்னைத் திட்டேன் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் ஒரு பெண் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்து, போனில் கூப்பிட்டால் நடு நடுவே குரல் அறுந்து போகிறது, ஏன் என்று கேட்டாள். அண்ணன் நிமிர்ந்து பார்த்து, காரணம் தெரியவில்லை, அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள் என்றான்.